மதிப்பாக மட்டும் ஒட்டு

லியெபாயாவில் கடல்காற்றோடு மழை.
'ஆட்கள்' என்ற கட்டத்தில்
இரண்டை அழித்து
ஒன்று என்று தட்டினாள் விஸ்மா.

அவ்வளவுதான்.
ஜனவரியிலிருந்தே மாதங்கள்
சடசடவென்று மாறின.
கம்பு ரொட்டி பாதியானது,
டிராம் சீட்டு பாதியானது,
எட்கார்ஸ் அடம்பிடித்து வாங்கிய புகைமீனில்கூட
எட்கார்ஸ் இல்லை.
ஃபார்முலாவுக்கு
நேற்று என்று ஒன்று கிடையாது.

பதறி, பின்னால் போனாள்.
இரண்டு திரும்பி வந்தது.

பிறகு ஒவ்வொரு மாதமாக நகலெடுத்து
அதே இடத்தில்
மதிப்பாக மட்டும் ஒட்டினாள்.
உள்ளே சமக்குறி இல்லை இனி,
வெறும் எண்:
பிப்ரவரி, 184.60.
யார் போனாலும் அசையாது.

அக்டோபரை மட்டும் விட்டுவைத்தாள்.
பதினாறாம் தேதிவரை இருவர்.
ஒன்றரை என்று போட்டுப் பார்த்தாள்.
கணினி
மறுப்பேதும் சொல்லவில்லை.