எடைமேடைக்காரன் சமைத்த தீபாவளி

பாகாவ் பசாரில் முந்தின நாளே வாக்குவாதம்.
உள்ளூர் ஆடு, கிலோ அறுபத்தெட்டு வெள்ளி.
போன வருஷ விலையை ஞாபகப்படுத்தினேன்.
"ஆட்டுக்கும் வயசாகுதே அண்ணே" என்றான் ஜமால்.
மூன்று கிலோ, நெஞ்செலும்பு கூடுதலாக.

லீலாவதிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
பெருநாள் என்றால் மூன்று மடங்கு சம்பளம்,
விடவா முடியும்?
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
எழுதிவைத்துப் போயிருந்தாள்:
பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ முதலில்.
ரம்பை இலையை முடிச்சுப் போடு.
வெங்காயம் நீ அழும்வரை இல்லை, அது சிவக்கும்வரை.
தண்ணீர் ஊற்றாதே, ஆடே விடும்.
உப்பு
என்ற இடத்தில் எண்ணெய் பட்டு
மீதி எழுத்து கரைந்திருந்தது.

செம்பனை ஆலையில் நான் எடைமேடைக்காரன்.
லாரி வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
கழித்தால் பழம்.
கைக்குத் தெரியாதா என்று போட்டேன்.

நாலரை மணிக்கு, தலையில் நல்லெண்ணெயோடு
மகள் வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள்.
அவளும் போட்டாள். சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஜொகூரிலிருந்து சற்குணத்தின் கார்.
அப்பாவின் சேமநிதிப் பணத்துக்குப் பிறகு
தம்பி வருவான், பேசமாட்டான்.
"அண்ணி, அண்ணன் நல்லாருக்காரா" என்பான்,
நான் எதிரிலேயே நிற்க.

இலை போட்டோம்.
பிரட்டல் கருகருவென்று எண்ணெய் பிரிந்து
பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.
முதல் வாய்.
மங்களா தயிர்ப் பச்சடியை இழுத்துக்கொண்டாள்.
பிள்ளைகள் சோறு, மறுபடி சோறு.
பக்கத்து வீட்டு ரொஹானி அக்கா
"செடாப், செடாப்" என்றபடியே
மூன்றாவது கோப்பை சிராப் குடித்தார்.
ஷிப்ட் தூக்கத்தில் லீலாவதிக்கு
என்ன தின்கிறோம் என்றே தெரியவில்லை.

சற்குணம் ஓர் எலும்பை உறிஞ்சினான்.
வைத்தான். நிமிர்ந்தான்.
"அண்ணே,
ஆடு வாங்க போர்ட்டிக்சன் கடலுக்கா போனே?"

நாலு வருஷம் கழித்து
என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அது.
"நானும் போட்டேன்ப்பா" என்றாள் மகள்
அப்போது பார்த்து.

பணத்தைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.
நானும்தான்.
உருளைக்கிழங்கு உப்பை இழுக்கும் என்று
கைகழுவிவிட்டு அவனே அடுப்படிக்கு வந்தான்.
கத்தி எங்கே என்று என்னிடம் கேட்டான்.
ஒவ்வொன்றையும் இரண்டாகத்தான் வெட்டினான்,
அத்தனை பெரிசு
ராத்திரிக்குள் வேகுமோ என்னவோ.
நான் ஒன்றும் சொல்லவில்லை.