இரண்டு நிமிடம்

விளக்கு என் பொறுப்பு.
பச்சை: பேசலாம். மஞ்சள்: முடித்துக்கொள்ளுங்கள்.
சிவப்பு: நன்றி, அடுத்தவர்.

அகஸ்டா நகரில் பிப்ரவரி.
குழு அறையின் கம்பளமெங்கும்
பூட்ஸுகள் உருக்கிவிட்ட பனிச்சேறு.
மசோதா எண் அறுநூற்றுப் பன்னிரண்டு:
வீட்டில் அச்சிடும் பிளாஸ்டிக் துப்பாக்கிகள் குறித்து.
எழுபத்தொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.
ஏழு மணிக்குமேல் புயல் என்கிறது வானொலி.

வாசலில் உலோகம் தேடும் சட்டகம்.
என் பெல்ட் கொக்கிக்கு அலறியது,
பெப்பர்மின்ட் டப்பாவுக்கு இன்னும் சத்தமாக.
"இதைப் பற்றித்தானே இன்றைக்குப் பேச்சு" என்றார் காவலர்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
இருவரும் சிரித்து வைத்தோம்.

முதலில் ரோலன்ட் பெல்லெட்டியே, கடைசல் பட்டறைக்காரர்.
"என்னிடம் குழாய் இருக்கிறது, ஆணி இருக்கிறது.
நாளைக்குக் குழாயையும் தடை செய்வீர்களா?
பூட்டு எப்போதும் யோக்கியனுக்குத்தான்."
மேசையைத் தட்டுவார் என்று நினைத்தேன்.
தொப்பியைத் தட்டினார். பனி உதிர்ந்தது.

பிறகு கோரின் மிஷோ, சட்ட மாணவி.
"கோப்பு என்பது எழுத்து. எழுத்துக்கு விலங்கு போடாதீர்கள்.
சமையல் குறிப்பு சாப்பாடு ஆகிவிடுமா?
ஆகாது. ஆனாலும் பசித்தவன் கையில் அது"
சிவப்பு.
அவள் எந்தப் பக்கம் திரும்ப இருந்தாளோ.
குறிப்பேட்டில் ஒரு கோடிட்டு
அப்படியே விட்டேன்.

ஸ்கௌஹீகன் பள்ளியிலிருந்து ஒரு வாத்தியார்:
"பிள்ளைகள் சதுரங்கக் காய் அச்சிடுகிறார்கள்,
கதவுக் கொண்டி, மீன்தூண்டில் பிடி.
எது குதிரை, எது விசை என்று
இயந்திரத்துக்குத் தெரியாது.
துண்டு துண்டாக அச்சிட்டால் எனக்கும் தெரியாது.
நான் என்ன செய்யட்டும்?"
யாரும் சொல்லவில்லை. மஞ்சள், சிவப்பு.

பிரிசில்லா நதோ, அவசர சிகிச்சைப் பிரிவு.
"எக்ஸ்ரேயில் எலும்பு தெரிந்தது.
உள்ளே புதைந்திருந்தது தெரியவில்லை.
தடவித் தடவித்தான் எடுத்தோம், பதினொரு சில்லு,
எல்லாம் மஞ்சள்.
பெயர் சொல்ல மாட்டேன். பதினேழு வயது.
யாரையும் சுட நினைக்கவில்லையாம்.
வெடிக்குமா என்று பார்த்தானாம்.
வெடித்தது."
அரை நிமிடம் மிச்சம் வைத்து எழுந்துவிட்டார்.
காலி நாற்காலிக்குப் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

நாற்பத்து மூன்றாவது பெயர் இர்விங் திபோடோ.
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
ஆதரவு, எதிர்ப்பு, இரண்டுமில்லை.
எதிலும் குறி இல்லை.

"மஞ்சள் சுருள்தான் தள்ளுபடியில் கிடைத்தது" என்றார்.
"கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக்கொடுத்தேன்.
பாதிச் சுருள் இன்னும் வீட்டில் இருக்கிறது."
அப்புறம் பேச்சில்லை.
ஜன்னலில் பனி கனத்தது.
பின்வரிசையில் யாரோ இருமி, நிறுத்திக்கொண்டார்.
மஞ்சள் வந்தபோது
விளக்கை ஏறிட்டுப் பார்த்தார்,
அந்த நிறத்தை அடையாளம் கண்டவர்போல.

"மெஷின் போலீஸிடம் இருக்கிறது. சாட்சியப் பொருளாம்.
எப்போது திருப்பித் தருவீர்கள்?
பையனுக்கு இரண்டு விரல் அச்சிடணும்.
படம் அவனே போட்டுவிட்டான்,
இடது கையால்."

சிவப்பு.
நான் எதையும் அழுத்தவில்லை. அது தானாகவே மாறும்.
என் பொறுப்பு என்றேனே,
அது அவ்வளவுதான்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.
"ஐயா, பதிவுக்காகக் கேட்கிறேன்.
மசோதாவை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?"

"ஆமாம்" என்றார் இர்விங் திபோடோ.

மிச்சம் இருபத்தெட்டுப் பேர் வியாழக்கிழமைக்கு.
எல்லாரும் போய்விட்டார்கள்.
நாற்பத்து மூன்றாவது வரிசையில்
கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன்,
மூன்றையும் அழுத்திப் பார்த்தேன்.
வெளியே என் கார் எது என்று தெரியாத அளவுக்குப் பனி.
ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்
என்கிறது திரை.