சாய்கோடு

பீப்பிள்ஸ் பார்க் சென்டர், மூன்றாம் மாடி.
பல் மருத்துவருக்கும் பயண முகவருக்கும் நடுவே
ஒரு வழக்கறிஞர் அலுவலகம்.
எழுபது வெள்ளி. ரொக்கமென்றால் அறுபத்தைந்து.
முப்பத்தொரு வயதில் வந்து நிற்கிறேன்,
ஒரு குடும்பப்பெயர் எடுக்க.

அடையாள அட்டையில் இதுவரை நான்
நறுமுகை, டி, ஒரு சாய்கோடு, ஓ, குலசேகரன்.
இன்னாரின் மகள் என்பதை இரண்டெழுத்தாக நறுக்கி
நடுவில் கோட்டைச் சாய்த்துவைத்த ஊர்.
'டூ' என்றே என்னைக் கூப்பிட்ட கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார்,
அதுதான் நடுப்பெயர் என்று நினைத்து.

குலசேகரன் ஒரு புகைப்படம்.
செம்பவாங் கப்பல்பட்டறைச் சீருடையில்
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியவர்.
அவர் போனபோது எனக்கு இரண்டு வயது.
அவர்மேல் ஒரு புகாருமில்லை.
அதனால்தான் பத்திரத்தின் ஆங்கிலம் உறுத்துகிறது:
முந்தைய பெயரை முற்றாகத் துறந்து, விலக்கி, கைவிடுகிறேன்.
மூன்று வினைச்சொல். ஒரு புகைப்படத்துக்கு அது அதிகம்.

ஈசூனிலிருந்து சித்தப்பா நேற்று அழைத்தார்.
"அண்ணனுக்கு மிச்சமிருந்ததே அந்த ஒரு வரிதான்."
மின்தூக்கிக்குள் போகிறேன், லைன் கிடைக்காது என்றேன்.
நான் நின்றது தரைத்தளத்தில்.

அடுத்த வரியில் ஆங்கிலம் கொஞ்சம் இளகுகிறது.
புதுப் பெயரை 'அடாப்ட்' செய்கிறேனாம்.
பிள்ளையைத் தத்தெடுக்கவும் அதே சொல்தான்.
லெஷெக் என்னைத் தத்தெடுத்ததில்லை;
படிவத்தை அம்மா அலமாரியில் வைத்து மறந்தாள்.
ஏழு வயதில் எனக்குச் சைக்கிள் பிடித்தவர்,
அம்மை போட்டபோது வேப்பிலை கேட்டுத்
தோ பாயோ முழுக்க அலைந்தவர்,
தமிழ்த் தேர்வுக்கு முன்னிரவு
எட்டு வேற்றுமையையும் என்னோடு உருப்போட்டு
"எங்களுக்கு ஏழுதான்" என்று பொறாமைப்பட்டவர்.
இப்போது நான் அவரை எடுத்துக்கொள்கிறேன்.

எழுத்தர் குவெக் திரையைத் தட்டிக் கேட்கிறார்:
அவர் வ்ருப்லெஃப்ஸ்கி. நீங்கள் வ்ருப்லெஃப்ஸ்கா.
தட்டச்சுப் பிழையா?
இல்லை, பெண்பால்.
பெயருக்கா?
பெயருக்குத்தான்.
தலைவன், தலைவி என்று தொடங்க வாயெடுத்தேன்.
பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

அம்மாவுக்கு இன்னும் 'வ்ரு' வராது.
மெய்யெழுத்து முதலில் நிற்க அவள் நாக்கு இடங்கொடுக்காது.
'உருப்' என்றுதான் தொடங்குவாள்.
"உருப்படுற பேருதான், வெச்சுக்கோ."
அதன் வேரில் உட்கார்ந்திருப்பது ஒரு சிட்டுக்குருவி.

போலிஷில் சொல்ல வேண்டியதை
எம்.ஆர்.டி.யில் முணுமுணுத்துப் பழகினேன்.
ப்ஷிப்ராவம் நஸ்விஸ்கோ.
பக்கத்துப் பெண்மணி பையை நகர்த்திக்கொண்டார்.
அந்த வினை பெயர் ஏற்பதற்காம், அலங்கரிப்பதற்காம்,
ஆற்றில் நீர் ஏறுவதற்குமாம்.
வளர்ப்புத் தந்தை என்பதிலும் அதுவே முன்னால் நிற்கிறது.
அகராதி வியந்து வியந்து விளக்கியது.
எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.
நாங்கள் பூவைச் சூட்டுவோம், பெயரையும்.

வீட்டில் மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார்.
ஒப்பித்தேன்.
எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்து
நகலை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
நெடுநேரம் படித்தார், ஒரே பக்கத்தை.

"இதில் பிழை" என்றார் கடைசியில்.
ஓவுக்கு மேலே குறி இல்லை.
அரசாங்கக் கணினி அதை ஏற்காது, அப்பா.

திருகாணிகளுக்கு நடுவே பேனாவைத் தேடினார்.
அம்மாவின் மளிகைச் சீட்டுக்கடியில் கிடைத்தது.
கை நிலைக்கக் கொஞ்சம் காத்திருந்து
ஓவின் தலைமேல் இழுத்தார்
ஒரு சின்னச் சாய்கோடு.