இரட்டைக் கோடு

ஆறு விரல் என்றதும்
பேறுகால வார்டில் மிட்டாய் கேட்டார்கள்.
ராசிக்காரப் பயல், காசு தங்கும் கை.
இரண்டு கையிலும் என்றபோது
அந்தச் சிரிப்பு ஒரு சுற்று இளைத்தது.

கீழ் ஈறில் அரிசி நுனியாய் இரண்டு பல்.
பல்லோடு பிறந்தால் மாமனுக்கு ஆகாதென்று
பக்கத்துக் கட்டில்காரி கிசுகிசுத்தாள்.
என் தம்பி சாத்தப்பன் காதில் அது விழுந்தது.
கையைக் கழுவிவிட்டு வந்து
சுண்டுவிரலை அந்த வாயில் வைத்தான்.
"கடிடா மாப்பிள்ளை.
எல்.ஐ.சி. போட்டிருக்கேன்."

நாங்கள் விரலையும் பல்லையும் பேசிக்கொண்டிருக்க
டாக்டர் நெஞ்சில் குழலை வைத்தார்.
எடுத்தார். மறுபடி வைத்தார்.
மூன்றாம் முறை வைத்தபோது
தையல் வலி எனக்கு மறந்துபோயிருந்தது.

மேலறை இரண்டுக்கும் நடுவே சுவரே இல்லையாம்.
காரைக்குடியில்,
ஒரு வீட்டுக்கு எழுபது கதவு வைத்த ஊரில்,
என் பிள்ளை நெஞ்சுக்குள்
ஒரு தடுப்பு வைக்க ஆளில்லை.

மதுரையில் மரபணு ஆலோசகர்
பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார்,
"சொந்தத்துலயா?"
அவர் இலுப்பைக்குடி, நான் நேமம்.
கோயில் வேறு, பார்த்துத்தான் செய்தார்கள்.
"கோயில் இல்லம்மா, ரத்தம்."
அம்மான் மகன் என்றேன்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
எனக்கும் நாச்சியப்பனுக்கும் நடுவே
இரட்டைக் கோடு இழுத்தார்.
கூட்டுறவு வங்கியில் ஒன்பது வருஷமாய்
நானும் இழுக்கிறேன்,
கூட்டுத்தொகைக்கு அடியில்,
இத்தோடு கணக்கு முடிந்தது என்று.

இருவரிடமும் ஓர் எழுத்துப் பிழை, ஒரே இடத்தில்.
தனியாய் இருந்தால் வெளியே தெரியாது.
இரண்டும் சேர்ந்து இறங்கினால் இவன்.
நாலில் ஒரு வாய்ப்பு.
"அப்ப அடுத்த மூணும் நல்லாருக்குமா?" என்றார் நாச்சியப்பன்.
அப்படி இல்லையாம்.
ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு,
பழைய வரவு அதில் கழியாது.

வீட்டில் முன்னால் யாருக்காவது?
இல்லை என்றோம்.
கேட்ட எல்லாரும் இல்லை என்றார்கள்.
வெள்ளிக் கரண்டியைக்கூட
எண்ணி எழுதிவைத்த குடும்பம்.

ஈப்போவிலிருந்து பெரிய அம்மான் பேசினார்.
முதலில் மழை, அப்புறம் ரிங்கிட் விலை,
அப்புறம் நீளமாய் ஒரு செருமல்.
"எனக்கு நாலு வயசு ஆத்தா. ஒரு தங்கச்சி பொறந்தா.
அஞ்சு வரைக்கும் அப்பத்தான் எண்ணப் பழகியிருந்தேன்.
அவ கையில மிச்சம் வந்துச்சு.
தப்பா எண்ணிட்டேன்னு
திரும்பத் திரும்ப எண்ணினேன்.
பதினோரு நாள் இருந்தா.
வெளிய சொல்லாதேன்னாங்க.
சொல்லலை."

அவருக்கு இப்போது எழுபத்திரண்டு.

அடுத்த வெள்ளி அந்தத் தாளை எடுக்கச் சொல்லி
ஒரு வட்டம் சேர்க்கச் சொன்னேன்.
கறுப்பாய் நிரப்பி, குறுக்கே கோடு கிழித்தார்.
"பேரு?"
வைக்கவில்லை.
"பரவால்ல, அது வேண்டியதில்ல."
அடியில் சின்னதாய் '11 நாள்' என்று எழுதினார்.
பேருந்தில் வரும்போது திருப்பத்தூர் வரை
அவளுக்குப் பேர் யோசித்துக்கொண்டு வந்தேன்.
எதுவும் பொருந்தவில்லை.

ஐந்து கிலோ வந்தால் நெஞ்சைத் திறப்பார்களாம்.
விரலையும் அப்போதே எடுத்துவிடலாமா என்றார்கள்.
பார்க்கலாம் என்றேன்.
நாலு மடக்குக்கு ஒருமுறை மூச்சுக்காக நிற்கிறான்,
நின்று, பிறகு கடிக்கிறான்.
தம்பிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

இன்று மூன்று கிலோ எண்ணூறு.
தராசில் போடுமுன்
வெள்ளிக் காப்பைக் கழற்றச் சொல்கிறாள் நர்ஸ்.
நாச்சியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்,
"அது கெடக்கட்டும் சிஸ்டர்."