முப்பத்தேழு

மூன்று விமானம், ஒரு கப்பல்,
கடைசியில் ஒரு பேருந்து.
ஓட்டுநர் என் முக்காலிப் பையைப் பார்த்து
மீன் பிடிக்கவா என்றார்.
இல்லை, வெளிச்சம் பிடிக்க.
நவம்பர் கடைசியிலா, என்று மட்டும் கேட்டுவிட்டு
கியரை மாற்றினார்.

ஸ்கார்நெஸ்ஸில் பதினோரு வீடு,
விளக்கெரிவது ஏழில்.
பழைய மீன் கிடங்கின் மாடியில்
எங்கள் எட்டுப் பேருக்கும் படுக்கை.
தலையணைவரை காட் மீன் வாடை;
இரண்டாம் நாள் அது எங்கள் வாடையாகிவிட்டது.
காலணி கழற்றாதவர்களுக்கு
வீட்டுக்காரி குன்வோர் காப்பி தரவில்லை.

காலை ஒன்பதரைக்குப் பயிற்சி.
சூரியன் வராது, சாயம் மட்டும் வரும்,
தெற்கே ஒரு விரற்கடை.
அதிகம் பேசாத ஹால்வார்
பூட்ஸ் நுனியால் பனியில் கோடு கிழித்து
இதைத் தாண்டாதீர்கள் என்றார்,
முன்னால் கிடக்கும் பனி படத்துக்கு வேண்டும்.
பிறகு சட்டகத்தின் நான்கு விளிம்பிலும்
திருடனைத் தேடுவதுபோல் தேடச் சொன்னார்.
திருடன் விளிம்பில் இல்லை, நடுவிலேயே நின்றான்:
மலைக்கும் கடலுக்கும் இடையில்
தார் பூசிய ஒரு மின்கம்பம்.

ரோட்டர்டாம் பல் மருத்துவர் வீட்ஸ்கே
நாலடி இடப்பக்கம் நகர்ந்தாள்.
பிர்னோவில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர்
மண்டியிட்டு அதைப் பாறைக்குப் பின் ஒளித்தார்.
எனக்கு ஒளிக்க வரவில்லை.
இரவு கணினியில்
சின்ன வட்டத் தூரிகை எடுத்து
அடியிலிருந்து நுனிவரை துடைத்தேன்.
அப்புறம் கம்பிகளை.
அப்புறம், கம்பியில் இருந்ததால்,
அண்டங்காக்கையை.
வானம் தழும்பில்லாமல் மூடிக்கொண்டது.
ஹால்வார் என் தோளுக்குப் பின்னால் நின்று
ம், என்றார்.
அவரிடம் அது பெரிய பாராட்டு.

மூன்றாம் நாள் காற்று.
கதவை விட்டுவிட்டுக் கூரையைத் தட்டியது.
எட்டு மணிக்கு விளக்கு போனது,
எட்டரைக்கு வெந்நீர்,
ஒன்பதுக்கு என் விரல் நுனிகள்.
குன்வோர் மெழுகுவத்தி கொளுத்தி
தொலைபேசியில் ஒரே ஒரு பெயர் சொன்னாள்: ஆஸ்லக்.

அறுபது கிலோமீட்டர் பனிவண்டியில் வந்தான்.
சன்னலில் மூக்கு ஒட்ட நின்றோம்.
நெற்றி விளக்கு ஒன்று
தரையிலிருந்து மேலே போனது,
நின்றது, ஆடியது,
மறுபடி மேலே போனது.
எந்தக் கம்பம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.
யாரும் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குச் சூடேற்றிகள் இருமின.
சார்ஜர்களில் எட்டுப் பச்சைப் புள்ளி.

இரண்டு கிண்ணம் சூப் குடித்தான்.
புருவத்துப் பனி உருகிச் சொட்ட
என்னதான் எடுக்கிறீர்கள், காட்டுங்கள் என்றான்.
வீட்ஸ்கே என் கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.
மலைக்கு ஒரு பெயர் சொன்னான், சாமி மொழியில்;
எங்கள் வரைபடத்தில் அது வேறு.
மாமன் படகு கட்டுகிற இடத்தை
விரலால் தொட்டுக் காட்டினான்.
பிறகு திரைக்கு வெகு அருகில் போய்
முகத்தைச் சாய்த்துத் தேடினான்.

என் முப்பத்தேழு எங்கே?

அப்போதுதான் தெரிந்தது
அதற்கு ஓர் எண் உண்டென்று.

துடைத்துவிட்டேன் என்றேன்.
அழகாக இருக்குமே என்று.

சிரித்தான், கோபமில்லாமல்.
இந்தக் காற்றும்
மூன்று மணி நேரமாய்
அதைத்தான் முயன்று பார்த்தது என்றான்.

காலையில் எல்லாம் ஓய்ந்திருந்தது,
தொடாத புதுப் பனி, அந்த ஒரு விரற்கடைச் சாயம்,
ஹால்வாரே இரண்டு முறை ம் சொன்ன வெளிச்சம்.
எட்டு முக்காலியும் வரிசையில்.
நான் கோட்டைத் தாண்டி நடந்தேன்.
பின்னால் ஏதோ கத்தினார்கள்,
நார்வேஜியனில், டச்சில், செக்கில்.

மரத்தில் அவன் முட்காலணி குத்தி ஏறிய இடங்கள்
வெள்ளை வெள்ளையாக,
தலைக்கு மேலும் தொடர்ந்தன.
அடியில் தகரத் தகட்டில் மூன்றும் ஏழும்.
கையுறை கழற்றி உள்ளங்கை வைத்தேன்.
உள்ளே ஏதோ மெல்ல உறுமியது.
குன்வோர் காப்பி வைத்திருப்பாள்.

படம் எடுத்தேன். கோணல்.
மூலையில் என் கட்டைவிரல்.

திரும்பிப் பார்த்தால்
பனி நெடுக என் காலடிகள்,
எல்லோர் சட்டகத்துக்கும் குறுக்கே.
இன்றிரவு மாடியில்
ஏழு பேர் உட்கார்ந்து
என்னைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.