மைக் சோதனை, வந்தாறுமூலை

மற்றவர்கள் மூன்றோடு நிறுத்துவார்கள்.
நான் பதினான்கு வரை எண்ணுவேன்.

வளாகத்துப் பெரிய மண்டபம், காலை எட்டரை,
இருநூறு நாற்காலி, ஆளில்லை.
பதினொன்று, பன்னிரண்டு என்று என் குரல்
பின்சுவரில் முட்டித் திரும்பி வர,
பதாகை கட்டிக்கொண்டிருந்த மாணவன்
ஏணியில் நின்றபடி கேட்டான்:
"அண்ணன், என்ன கணக்கு?"
பழக்கம் என்றேன்.

துணி அகலம் போதாமல்
எழுத்து இரண்டாய் முறிந்திருந்தது:
விளக்க
மறியலும் பிணையும் – பொதுக் கலந்துரையாடல்.

உள்ளே எங்களோடு
செங்கலடி டியூசன் வாத்தி ஒருவர் இருந்தார்.
காசோலை வழக்கு.
இரவில் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டுவார்:
விளக்கம், அறியல்.
"விளக்கம் அறியிற வரைக்கும் இருங்கடா."
நாற்பது பேரின் இடத்தில் நூற்றிருபது பேர்.
ஒருவன் புரண்டால் எல்லோரும் புரளவேண்டும்.
அப்படிப் புரண்டு புரண்டு சிரித்திருக்கிறோம்.

காணாமல்போனது ஒரு அம்பிளிபயர்,
திருவிழாவின் கடைசி இரவு.
மைக்காரன் நான் என்பதால் கள்ளனும் நான்.
பதினான்கு நாள், மீண்டும் பதினான்கு நாள்.
இருபத்து மூன்று பதினான்குகள் போனபிறகு
வண்ணக்கரின் மருமகன் வீட்டுக் கலியாணத்தில்
அது பாடிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு ஓய்வுபெற்ற நீதவான் பேச எழுந்தார்.
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
கூண்டுக்கு அது ஒருநாளும் முழுதாய் வந்து சேர்ந்ததில்லை.
பாதியை மின்விசிறி தின்னும்,
மீதியை முதலியார் சொல்லுவார்,
"அடுத்த தவணை" மட்டும் தெளிவாய் விழும்.
இன்றைக்குத்தான் முழு வசனமாய்க் கேட்டேன்.
பிணைதான் வழமை, மறியல் விதிவிலக்கு என்றார்.
கட்டைக் குரல்.
பேஸைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தேன்,
கடைசி வரிசைக்கும் கேட்டது.
நன்றாகத்தான் பேசினார்.

கேள்வி நேரம்.
ஒரு மாணவி புள்ளிவிபரம் கேட்டாள்.
ஒரு சட்டத்தரணி கேள்வியே கேட்காமல்
ஆறு நிமிடம் கேட்டார்.
பிறகு ஏறாவூர் பாயிஸா உம்மா எழுந்தார்.
மைக்கைக் குடைபோல் பிடித்தார்.
கை படாமல் அதன் வாலைப் பிடித்து
வாய்க்குக் கிட்ட உயர்த்திவிட்டேன்.

"என்ட மகனுக்குப் பெப்ரவரியில
பிணை கெடச்சிட்டு சேர்.
பிணை நிக்க ஆள் கெடைக்கல்ல.
இப்ப ஆகஸ்ட்."

மேடையில் ஐந்து பேரும்
ஒரே நேரத்தில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்கள்.
மிக முக்கியமான கேள்வி என்றார் கலாநிதி,
நேரம் கருதி
அறிக்கையில் சேர்த்துக்கொள்வதாக.

நன்றியுரை.
ஒலியமைப்பாளருக்கும் நன்றி.
ரோல்ஸ், பிளேன்ரீ.

வயர் சுற்றிக்கொண்டிருக்கையில் கிட்ட வந்தார்.
தின்னாத ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிப்
பைக்குள் வைத்தார்,
வாசலில் பறித்துவிடுவார்கள் என்று தெரிந்தும்.
"தம்பி எந்த ஊர்?"
சித்தாண்டி.
"சொந்த வளவா?"

இந்தக் கேள்விக்கு என் மச்சானும் சித்தப்பாவும்
அன்றைக்குச் சொன்ன பதில்கள்
எனக்கு மனப்பாடம்.
கிராம சேவகர் ஊரில் இல்லை.
உறுதி வங்கியில் கிடக்கிறது.
பொடியன் ஓடினால் ஆர் கட்டுற?
அவர் மகனை எனக்குத் தெரியாது.
என்ன செய்தான் என்றும் கேட்கவில்லை.
வயரில் இன்னும் நாலு சுற்று இருந்தது.
சுற்றினேன்.

"சொந்த வளவுதான்."

கக்கத்தில் இடுக்கிய மைக்கை
அணைக்க மறந்திருக்கிறேன்.
சொந்த வளவுதான் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது.
பின்சுவர் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது.
சாவிக்கொத்தோடு நின்ற காவலாளி,
யார் இன்னும் பேசுகிறார்கள் என்று
தலையை உள்ளே நீட்டினான்.