எத்தனையாவது

எங்கள் தெருவுக்கு இன்று கரண்ட்
இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை.
தாம்வே முழுக்க அந்நேரம் விழித்துக்கொள்ளும்:
மோட்டார் இரையும், அரிசி வேகும்,
மேல்மாடியில் யாரோ சட்டை தேய்ப்பார்கள்.
நான் அன்சானுக்குப் போவேன்.

கொரியா, இரண்டாம் டிவிஷன், கடைசி இடம்.
மடிக்கணினிக்குள் இருக்கிற அணி.
பாஸ்போர்ட் கேட்காமல்
என்னை வேலைக்கு எடுத்த ஒரே கம்பெனி.

சவாலுக்கு விதி போட்டவன் அருள்தாஸ்:
வெளிநாட்டு வீரன் ஒருவனும் கூடாது.
காசு கொடுத்து யாரையும் வாங்கக் கூடாது.
தோற்ற ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி ஆடினால்
நீ மனுஷனே இல்லை.
ஐந்து சீசனுக்குள் முதல் டிவிஷன்.
பந்தயம், ஒரு மாதத்து மொகிங்கா.

விதியைப் போட்டுவிட்டு அவன் மே சோட் போய்விட்டான்,
ஒரு தையல் ஆலைக்கு.
வாரம் ஒருமுறை ஒரே சொல் வரும்:
எத்தனையாவது?
வேறெதுவும் கேட்கமாட்டான்.
பாலத்தடியில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள்,
கால்பந்தென்றால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

நாற்பது நாற்காலியில் எழுபது பேர்
இடித்துக்கொண்டு கொரியன் படித்தோம் நாங்கள்.
திருகாணி. சுத்தியல். கையை எடு.
இயந்திரத்தை நிறுத்து. சம்பளம் எப்போது?
இருவரும் பாஸ்.
பிறகு பையன்கள் யாரும்
வெளியே போகக் கூடாதென்றார்கள்.
மார்க் ஷீட் அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது.
இடைவேளையில் என் தடுப்பாட்டக்காரனைப் பார்த்து
கையை எடு என்று கத்துவதற்கு
அந்தப் படிப்பு உதவுகிறது.

நோ சங்-வூ.
இடதுகால். இருபத்திரண்டு வயது. பதினான்கு கோல்.
இரண்டாவது சீசன் ஜனவரியில் ஒரு கடிதம் திறந்தது:
ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டுள்ளார்,
பதினெட்டு மாதம்.
கீழே ஒரே பொத்தான், சரி.
மறுக்கிற பொத்தானைத் தேடி
பேட்டரியில் ஆறு சதவீதம் தீர்த்தேன்.

அங்கே ராணுவத்துக்கும் ஒரு அணி உண்டு.
ஆகஸ்டில் அதற்காக ஆடி எங்களுக்கே கோல் போட்டான்.
நான் போட்ட சத்தத்தில் பூங்கொடி
திரைக்குப் பின்னாலிருந்து சீறினாள்:
ஜன்னல், அண்ணா, ஜன்னல்.

வார்டு அலுவலகத்தில் சீட்டு எடுத்த டப்பா
பிஸ்கட் டப்பா. பட்டாம்பூச்சிப் படம் போட்டது.
வீட்டில் நான் தணிகைவேல், அட்டையில் அவுங் மோ.
இரண்டு பெயரையும் ஒரே சீட்டில் எழுதியிருந்தார்கள்,
ஆள் மாறிவிடக் கூடாதாம்.
முதல் எண் எடுத்தவன் முனையில் போன் உறை விற்பவன்.
எத்தனை மாதம் என்று அவன் அம்மா கேட்டாள்.
கிளார்க் அடுத்த பெயரைப் படித்தான்.

நோ சங்-வூ திரும்பி வந்தான்,
சொன்ன தேதியில்.
தாங்குதிறன் இரண்டு புள்ளி கூடியிருந்தது,
பச்சை நிறத்தில்.
படத்தில் அதே தலைமுடி, அதே சிரிப்பு.
அவனை முதல் ஆட்டத்தில் இறக்கவில்லை.
வலிமையான காரணம் ஒன்றும் இல்லை.
பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும் என்று தோன்றியது,
தொண்ணூறு நிமிடம், யாரும் கூப்பிடாமல்.

நேற்று அருள்தாஸ் கேட்டான்:
எத்தனையாவது?
ஏழு என்று அனுப்பினேன்.
போன வாரம் மூன்று என்றாயே,
இறங்கிவிட்டாயா?
இல்லை. மாதம் இரண்டு பேர் குறைகிறார்கள்.
டைப் செய்து, அழித்து,
ஏறுகிறேன் என்று மட்டும் எழுதினேன்.
வெகுநேரம் அவன் பெயருக்குக் கீழே
மூன்று புள்ளிகள் துடித்தன.
பிறகு அதுவும் நின்றது.

மணி நாலேகால்.
ஐந்தாவது சீசன், கடைசி ஆட்டம், சொந்த மைதானம்.
டிரா போதும்.
நோ சங்-வூவை முன்வரிசையில் போட்டிருக்கிறேன்.
'தொடர்க' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது திரை.
இரு,
வாளி நிரம்பி வழிகிறது,
பூங்கொடி கூப்பிடுகிறாள்.